பதிப்பாளரும் பதிப்பாசிரியரும்: நடுநாட்டு நூல்கள் வழி ஓர் ஆய்வு

பதிப்பு என்னும் சொல் தமிழில் இருவேறு தொழில்களைக் குறித்து வழங்குகின்றது. மூலத்தை ஆராய்ந்து செம்மை செய்தலும் பதிப்பே. பொருள் முடக்கி அச்சிட்டு விற்றலும் பதிப்பே. இதனைச் சொல்வறுமை என்று கொள்ளுதல் பொருந்தாது. அச்சுத்தொழிலின் தொடக்கக் காலத்தில் அவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருந்தன. அரியலூர்ச் சடகோபையங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் முதலியோரிடம் இளமையிற் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அப்பொழுது ஏடுகளை ஒப்பு நோக்கியவரும் அவரே. கையொப்பம் திரட்டி அச்சுக்குப் பொருள் தேடியவரும் அவரே.

நூல் வாணிகம் வளர்ந்தபின் இத்தொழில்கள் பிரிந்தன. அவற்றை மீண்டும் ஒன்றுபடுத்தியவர்கள் சிறு பதிப்பாளர்களே என்பது எம் துணிபு. சி. சு. செல்லப்பா தம் ‘எழுத்து’ இதழின் (1959–1970) பெயராலேயே நூல் வெளியிட்டு, அவற்றைத் தாமே கல்லூரிகளுக்குச் சுமந்து சென்று விற்றார். மீரா எனப்பெறும் மீ. இராசேந்திரன் சிவகங்கையில் தமிழாசிரியராக இருந்துகொண்டே ‘அன்னம்’ நடத்தினார். நல்ல நூல் சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்னும் எண்ணம் அவரால் தகர்ந்தது.

நூலின் முகப்பிலுள்ள வெளியீட்டுப் பெயரை வெறும் அடையாளமாகக் கருதுதல் நம்மவர் வழக்கம். அது முற்றும் சரியன்று. 2004 இல் தோன்றிய கிழக்கு பதிப்பகம் உடல்நல நூல்களுக்கு ‘நலம்’ என்றும், சமய நூல்களுக்கு ‘வரம்’ என்றும் தனிப்பெயர்கள் இட்டது. அவை பொருள் நோக்கிப் பகுத்த பெயர்கள், வாங்குவோர்க்கு வழிகாட்டுவன. ‘எழுத்து’, ‘க்ரியா’, ‘தமிழினி’ போன்றன அத்தகையன அல்ல. ஒருவருடைய தேர்வையும் சுவையையும் பொறுப்பையும் அவை சுட்டி நிற்கின்றன.

இவ்வேறுபாட்டின் பயனை நடுநாட்டு எழுத்துகளிற் காணலாம். விருத்தாசலத்திற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, முந்திரி செறிந்த செம்மண் நிலத்தில் அமைந்தது ஆண்டிமடம். இதன் வடபால் நிலத்தின் பேச்சு நெடுங்காலம் அச்சேறாமலே இருந்தது. ஏறினும், படி திருத்துவோர் அதனைப் பிழையெனக் கொண்டு பொதுத்தமிழாக்கிவிடும் இடர் உண்டு. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994 இல் க்ரியா வழி வந்தது. 1974 இல் அப்பதிப்பகத்தைத் தொடங்கியோருள் ஒருவரான எஸ். ராமகிருஷ்ணன், ஆசிரியரோடு அமர்ந்து கையெழுத்துப்படியை வரிவரியாக ஆராயும் வழக்கமுடையவர். செம்மை செய்தல் வேறு, பொதுமை செய்தல் வேறு என்பதை அறிந்த பதிப்பாசிரியர் வாய்த்தமையால் அந்நிலத்துப் பேச்சு நிறங்கெடாமல் நின்றது.

கண்மணி குணசேகரனின் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ இன்னும் வியக்கத்தக்கது. அரசுப் போக்குவரத்துப் பணிமனைத் தொழிலாளராயிருந்த ஒருவர் தொகுத்த அதனைத் தமிழினி 2007 இல் வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; பின்னர் இணைப்பும் கண்டது. அத்துணைப் பெரும்பணி நிகழ்ந்த நாட்டில் ஒரு வட்டாரத்தின் சொற்களைத் திரட்டும் கடமை தனியொருவர் தலையில் விழுந்தமை நம் துறைகளுக்குப் பெருமை தருவதன்று. ஒருவர் தொகுப்பிற்கு எல்லையும் உண்டு. ஒரு சொல் எவ்வூர்வரை வழங்குகின்றது, எங்கே வேறு சொல்லுக்கு இடம் விடுகின்றது என்பதைப் பலர் கூடிச் செய்யும் களப்பணியே காட்டும்.

பொருள்நிலை பற்றிச் சிறிது கூறவேண்டும். 1948 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்பெற்றது; நூலகங்கள் வாங்கும் படிகளே சிறு பதிப்பாளர்க்குப் பெருந்துணையாயின. ஆயின் அவ்வாணையை நம்பி ஆயிரம் படி அச்சிட்டவர், ஆணை தாழ்ந்தால் கட்டுகளை வீட்டிலே அடுக்கிவைக்க நேரும். வேண்டியபோது வேண்டிய படிகளை மட்டும் அச்சிடும் இன்றைய முறை அச்சுமையைக் குறைத்துள்ளது. அது பதிப்பாசிரியரை உண்டாக்கித் தருவதில்லை. மீரா 2002 இல் மறைந்தார். தற்காலத் தமிழ் அகராதியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020 நவம்பரிலேயே ராமகிருஷ்ணனும் மறைந்தார். இத்தகையோர் மறையும்பொழுது திருத்தக் குறிப்புகளும் கடிதங்களும் கையெழுத்துப்படிகளும் எங்கே செல்கின்றன என்று எந்தத் தமிழ்த்துறை கேட்டிருக்கின்றது?

நம் ஆய்வேடுகளின் துணைநூற் பட்டியல்களில் ‘சென்னை’ என்னும் ஊர்ப்பெயரும் கைக்குக் கிடைத்த மறுபதிப்பின் ஆண்டுமே பெரிதும் காணப்பெறுகின்றன. முதற்பதிப்பு எது, யார் செம்மை செய்தது, பதிப்பகம் மாறியபோது பாடம் மாறிற்றா என்பன ஆராயப்பெறுவதில்லை. சங்க நூலுக்குப் பாடவேறுபாடு தேடும் மாணவர், முப்பது ஆண்டுக்கு முந்திய புதினத்திற்கு அதனைத் தேடாமைக்குத் தக்க காரணம் யாதும் இல்லை. நடுநாட்டுச் சொல்லகராதியைக் கையிற்கொண்டு ஆண்டிமடம், செயங்கொண்டம் பகுதி ஊர்களில் சொல் சொல்லாகக் கேட்டுப் பதிவு செய்தலையும், அவ்வட்டாரப் புதினங்களின் பதிப்புகளை ஒப்பு நோக்குதலையும் முதுகலை மாணவர் இருவர் மூவர் மேற்கொள்ளின், ஓராண்டிற்குள் தொடக்க அளவிலேனும் முடிக்கலாம்.