பதினைந்தே மேடைகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1984-ல் தொடங்கி 1986-ன் தொடக்கத்தில் கலைந்துபோன இசைக்குழு ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங். மேடையேறியது சுமார் பதினைந்து முறைதான். மேடையிலேயே கிட்டாரை உடைப்பவர்கள் இவர்கள்; உடைத்துவிட்டால் அடுத்த கச்சேரிக்கு மறுபடி காசு சேர்க்க வேண்டுமே!

அந்த ஊர் ஹார்ட்கோர் என்ற பங்க் இசைவகையின் பிறப்பிடங்களுள் ஒன்று. ஒன்றரை நிமிடத்தில் முடியும் பாட்டு, ஊரையும் உலகத்தையும் திட்டும் வரிகள், கீழே முட்டிமோதும் கூட்டம். இவர்களும் அங்கே வளர்ந்தவர்கள்தான். பிரெண்டன் கான்டியின் டிரம்ஸில் பழைய வேகம் குறையவே இல்லை. ஆனால் அதன்மேல் எடி ஜேனியின் கிட்டார் ஒரு மெட்டை இழுத்துக்கொண்டு போகும். பாடகர் கய் பிச்சியோட்டோ திட்டவில்லை. இழந்ததைச் சொல்லிக் கதறுகிறார். குரல் உடைகிற இடத்தை மறுபடி பாடித் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அது நல்ல முடிவு.

1985-ல் டிஸ்கார்ட் நிறுவனம் வெளியிட்ட ஒரே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஏழு நிமிடத்தைத் தாண்டும். ஹார்ட்கோர் ரசிகருக்கு அது ஒரு யுகம்! எனக்கு அதுதான் ஆல்பத்தின் உச்சம்.

பின்னாளில் 'எமோ' (உணர்ச்சிகர ஹார்ட்கோர்) என்ற முத்திரையை இவர்கள்மேல் குத்தினார்கள். பிச்சியோட்டோ அதை ஏற்கவே இல்லை. அவரும் கான்டியும் பிறகு சேர்ந்த ஃபுகாஸி இசைக்குழு நீண்ட காலம் நீடித்தது, புகழும் பெற்றது. இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இந்த ஆல்பம்தான். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.