தரையைத் தேய்க்குமுன் தெருவைப் பாருங்கள்

அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தபின் இந்தப் பக்கம் எழுந்த வீடுகளில் மரத்தரையைத் தேடுவது வீண். ஈரமும் கறையானும் விட்டுவைத்திருக்காது. இங்கே பழைய தரை என்றால் மொசைக் அல்லது சிவப்பு ஆக்சைடு. வீட்டைப் புதுப்பிக்கும்போது அதைப் பெயர்த்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் போடுவதா, இருப்பதையே மீட்பதா?

மொசைக் என்றால் நான் மீட்கும் கட்சி. சலவைக்கல் சில்லு பதித்த மேற்பரப்பு ஒரு சுற்று தேய்ப்பைத் தாங்கும் கனம் கொண்டது. தண்ணீர் விட்டபடியே மெஷினில் முரட்டுக் கல்லில் தொடங்கி நைசுக் கல் வரை ஓட்டினால் பல வருட அழுக்கு குழம்பாக வழிந்தோட, கறுப்பும் மஞ்சளுமாகச் சில்லுகள் தெளிந்து வரும். பிறகு ஆக்சாலிக் ஆசிட் பாலிஷ். (அந்தக் குழம்பை மட்டும் பாத்ரூம் குழாயில் தள்ள விடாதீர்கள், உள்ளே இறுகிக்கொள்ளும்.) உடைப்பு இல்லை, ரப்பிஷ் அள்ள வண்டி இல்லை. ஆனால் பைப் மாற்ற வெட்டிய இடத்தில் போடும் ஒட்டு எந்த நாளும் நிறம் சேராது.

சிவப்பு ஆக்சைடு அப்படியல்ல. ஈரச் சிமென்டில் கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. மெஷினை வைத்தால் அந்தத் தோலே போய்விடும். மீட்டுத் தருகிறோம் என்று சிலர் செய்வது சிவப்பு பெயின்ட் அடிப்பதுதான். ஆள் நடமாடும் இடத்தில் அது சீக்கிரமே உரியும். மயிரிழை விரிசல்தான் என்றால் மெழுகு தேய்த்து விட்டுவிடலாம். தட்டும்போது உள்ளே காற்று இருப்பதுபோல் ஒலித்தால் பெயர்ப்பதே மேல்.

இந்த விவாதம் முழுவதையும் தெரு ஒன்று தீர்த்துவிடுகிறது. தார்மேல் தாராகப் போட்டதில் பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்களுக்கு அதனால் பயனில்லை. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினாலும் சுவர்தான் மேலேறும், பழைய தரை மண்ணுக்குள் போய்விடும்.

ஆகவே பாலிஷ்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் வாசலில் டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். கூடத்தைவிடத் தெரு உயரம் என்றால், அந்தப் பணத்தைத் தரை உயர்த்த எடுத்து வையுங்கள்.