ஒரு விரல் சுயசரிதை

மாலினி சிப் எழுதிய 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' 2010-ல் வந்த புத்தகம். தலைப்பில் கவித்துவம் ஏதுமில்லை. நிஜமாகவே ஒரே விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டிய சுயசரிதை. மாலினிக்குப் பிறந்ததிலிருந்தே செரிப்ரல் பால்ஸி. கை, கால், நாக்கு எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது. புத்திக்கு ஒரு குறையுமில்லை. மும்பை செயின்ட் சேவியர்ஸில் பி.ஏ., லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள். ஆனால் நாம் என்ன செய்வோம்? பேச்சு குழறினால் பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி, "இவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்போம்.

தன் பாலியல் ஆசைகளையும் தனிமையையும் பற்றி எழுதும் இடங்களில் புத்தகம் தைரியமாக இருக்கிறது. 'பாவம், குழந்தை மாதிரி' என்று வளர்ந்த பெண்ணைச் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களைக் கட்டாயம் படிக்கவேண்டும். அம்மா மிது அலூர் 1972-ல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி பற்றிய பகுதிகளில் மட்டும் லேசாக ஆண்டறிக்கை வாசனை. தவிர, லண்டன், எலெக்ட்ரிக் நாற்காலி, படித்த குடும்பம் எல்லாம் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்ற கேள்வி கூடவே வருகிறது.

மாலினிக்கு லைட்ரைட்டர் என்றொரு கருவி உண்டு. தட்டினால் அது உரக்கப் பேசும். எழுத்து தெரிந்தவர் என்பதால் அதில் எதையும் சொல்லலாம், திட்டவும் திட்டலாம். எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு? சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' இருக்கிறது. முதலில் தனிப்பெட்டியாக வந்து பிறகு ஐபேடுக்குள் போனது. படத்தைத் தொட்டால் பேசும். நல்ல காரியம்தான். சிக்கல் என்னவென்றால், படப்பலகையில் யாராவது வைத்த வார்த்தைதான் இருக்கும். வைப்பது பெரும்பாலும் அம்மாவோ டீச்சரோ. தண்ணி, பாத்ரூம், டி.வி., தேங்க்யூ. ஆறு வயசில் போதும். இருபத்தாறிலும் அதேதானா? 'மாட்டேன்', 'கதவைச் சாத்திட்டுப் போ', 'அவனைப் பிடிச்சிருக்கு' இதெல்லாம் எங்கே? புது வார்த்தை சேர்க்க இம்மாதிரிக் கருவிகளில் வசதி உண்டு. சேர்க்க வீட்டில் மனசு வரவேண்டும்.

தமிழில் இன்னொரு வம்பு. 'நான்', 'கடை', 'போ' மூன்றையும் தொட்டால் வாக்கியமாகாது. 'கடைக்கு' வேண்டும், 'போறேன்' வேண்டும். தாத்தாவைப் பார்த்து 'வா' என்று பெட்டி கூப்பிட்டால் தாத்தா முறைப்பார். யார், என்ன, எப்போது என்ற கேள்விகளால் படங்களை முடிச்சுப் போட்டு, இலக்கணத்தை மெஷினிடம் விட்டுவிடும் ஒரு யோசனையை அஜித் 2013-ல் டெட் மேடையில் விளக்கினார். நம் வேற்றுமை உருபுகளை நினைத்துக்கொண்டு கேட்டால் சுவாரஸ்யம் இரட்டிப்பாகும்.

மாலினியின் உறவினர் ஷோனாலி போஸ், ஓரளவு அவரை மனதில் வைத்து 2014-ல் எடுத்த படம் 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா'. கல்கி கேக்லா பிரமாதம். ஆனால் அது கல்லூரி வயசோடு நின்றுவிடுகிறது. புத்தகம் நிற்கவில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வயசு, கூட உதவிக்கு யார், நாற்காலி ஏறாத நடைபாதையில் எப்படி வெளியே போவது என்று நீள்கிறது. சினிமாவில் இதற்கெல்லாம் பாட்டு வைக்கமுடியாது. அதனால்தான் புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறேன்.