விழா மலர்களிற் கழக வரலாறு – ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இயங்கும் விளையாட்டுக் கழகங்கள் தம் வெள்ளி விழாவையோ பொன் விழாவையோ ஒட்டி வெளியிடும் மலர்களை இலக்கியத் திறனாய்வாளர் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆசியுரைகள், வாழ்த்துரைகள், கழகக் கீதம், போசகரின் நிழற்படம், விளம்பரங்கள் என நிரம்பிய அவற்றில் "கழகத்தின் வரலாறு" என்ற கட்டுரை நான்கைந்து பக்கங்களில் அடங்கிவிடும். எனினும், ஒரு குறிச்சியின் சாதாரண மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்ட உரைநடை என்ற வகையில் இக்கட்டுரைகள் தனியொரு வகைமையாக நோக்கப்பட வேண்டியன. கோயில் வரலாறு எழுதியோர் புராணத்தின் துணையை நாடினர். கல்லூரி வரலாறு எழுதியோருக்கு மிஷனரிமாரின் அறிக்கைகள் கைகொடுத்தன. கழக வரலாறு எழுதுபவனுக்கோ முதியோரின் ஞாபகமும், எஞ்சியிருந்தால் ஒரு கூட்டறிக்கைப் புத்தகமுமே ஆதாரம்.

இவ்வகைமைக்கெனச் சில மரபுகள் உருவாகியுள்ளன. ஊரின் நிலவளத்தைச் சொல்லித் தொடங்குதல், தாபகர்களை நிரற்படுத்தல், வென்ற கிண்ணங்களைக் கூறுதல், இன்றைய நிர்வாகசபைக்கு நன்றி நவிலுதல் ஆகியன அவை. இவற்றுள் என் கவனத்தை மிகவும் ஈர்ப்பது நடுவில் வரும் ஒரு வாக்கியமாகும். நாட்டுச் சூழ்நிலை காரணமாகக் கழகம் சில காலம் இயங்காதிருந்து பின்னர் புத்துயிர் பெற்றது என்ற பொருளில் அது அமையும். சொற்கள் மலருக்கு மலர் சற்று மாறலாம். இடமும் நீளமும் மாறுவதில்லை.

கொடிகாமத்தையும் அதனைச் சூழ்ந்த தென்மராட்சிக் கிராமங்களையும் பொறுத்தவரை அந்த ஒரு வாக்கியத்துள் அடங்கிக் கிடப்பவை எவை? 1990இல் புகையிரதம் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தனர். பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் வெளிகளும் குடியிருப்புகளாயின. 1996இல் இப்பகுதி இராணுவத்தின் வசமாயிற்று. 2000 ஏப்ரிலில் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து தென்மராட்சியே போர்க்களமாக, அடைக்கலம் கொடுத்த மக்கள் தாமே அகதிகளாயினர். 2002இன் போர்நிறுத்தத்தின் பின் திரும்பியோர் கண்டது கூரையற்ற வீடுகளையும் தலையற்ற தென்னைகளையுமே. மிதிவெடி அகற்றப்படாத நிலத்திற் பந்து விளையாட முடியாது. ஆட்டக்காரரிற் சிலர் கனடாவிலும் சிலர் சுவிற்சர்லாந்திலும் இருந்தனர். சிலர் எங்குமே இல்லை. இத்தனையையும் "சில காலம்" என்ற இரு சொற்கள் தாங்குகின்றன. இதனை எழுதியவரின் குறைபாடு என்று தள்ளிவிடுதல் எளிது. அச்சத்தால் எழுதாது விட்ட காலமும் இருந்தது; துயரத்தால் எழுத மாட்டாத நிலையும் உண்டு. ஆனால் அச்சம் தணிந்த பின்னும் அதே வாக்கியம் மரபாகத் தொடர்வதே திறனாய்வுக்குரியது.

கழகத்தின் தொடர்ச்சி என்பது யாது என்ற வினா எமக்கு மட்டும் உரியதன்று. முற்றிலும் வேறான ஓர் உதாரணத்தை நோக்கலாம். பிரித்தானியாவில் பனிக்கட்டி ஹொக்கி ஆடும் நொற்றிங்ஹாம் பாந்தேர்ஸ் கழகத்துக்கு 1939இலேயே அடியிடப்பட்டது. உலகப் போர் குறுக்கிட்டதால் 1946இலேதான் அது களமிறங்கியது. 1960இல் அது மறைந்தது. இருபது ஆண்டுகளின் பின், 1980இல், அயல் நகரான ஷெபீல்டில் இருந்த லான்சர்ஸ் என்ற அணி நொற்றிங்ஹாமுக்கு இடம்பெயர்ந்து பழைய பெயரைச் சூடிக்கொண்டது. ஆயினும் 1946 முதலான வரலாறு முழுவதும் தம்முடையதென்றே அக்கழகத்தார் கொள்வர். ஆட்டக்காரர் வேறு, நிர்வாகம் வேறு; எஞ்சியவை பெயரும், நகரும், பார்த்திருந்தோரின் ஞாபகமுமே. இதற்கு மாறாக, பிறைற்றன் நகரின் ரைகேர்ஸ் கழகம் 1935 தொடக்கம் புகழுடன் ஆடி, 1965இல் தன் பனித்தள அரங்கு மூடப்பட்டதும் அதனோடு மறைந்தது. அவ்விளையாட்டிற் களம் இல்லையேல் கழகம் இல்லை. பனியை உறைய வைக்கும் பொறியும் கூரையும் பெருஞ்செலவுக்குரியன. அவற்றை உடையவன் கதவை அடைத்தால் ஆட்டக்காரன் தெருவில் நிற்பான்.

எமது கழகங்களின் வரலாற்றையும் கிண்ணங்களின் வழியாகவன்றிக் களத்தின் வழியாக எழுதுவதே பொருந்தும் என்பது என் துணிபு. கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் சந்திக்கும் கொடிகாமம் சந்தையாற் பெயர்பெற்றது. தேங்காய், மாம்பழம், பலாப்பழம் எல்லாம் அங்கு வந்து குவியும். அவ்வாறான தென்னஞ்சோலை நாட்டில் வெறும் நிலம் அரிது. உதைபந்தாட்டத்துக்குப் பெருவெளி வேண்டும். அது பாடசாலைக்கோ கோயிலுக்கோ உரியதாயிருக்கும், அல்லது அறுவடை முடிந்த வயலாயிருக்கும். கரப்பந்தாட்டத்துக்கோ இரு கம்பமும் ஒரு வலையும் நாலு பரப்புக்குக் குறைந்த காணித் துண்டும் போதும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் கரப்பந்தாட்டமும், "ஓவர் கேம்" என்று வழங்கும் அதன் உள்ளூர் வடிவமும் வேரூன்றியமைக்கு 1991இல் அது தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டதைக் காரணமாகக் கூறமுடியாது. அதற்கு நெடுங்காலம் முன்பே அது எங்கள் வளவுகளுக்குள் வந்துவிட்டது. காணி யாருடையது, என்ன உறவில் அவர் அதனை விட்டுக்கொடுத்தார், அவர் பிள்ளைகள் மதில் கட்டியபோது ஆட்டம் எங்கே போயிற்று என்பவற்றை மலர்கள் எழுதுவது அரிது. (போசகரே காணிக்காரராகவும் இருந்தால் நன்றியுரையில் ஒரு வரி வரும்.)

கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கழகத்தை எடுத்துக்கொண்டால் களத்தின் முதன்மை இன்னும் துலங்கும். 1899இல் அது தோன்றியபோது கொழும்பின் கழகங்கள் இன அடிப்படையில் அமைந்திருந்தன. ஐரோப்பியர், பறங்கியர், மலாயர், சிங்களவர் என ஒவ்வொருவருக்கும் ஒன்று. சோனகர் கழகம் 1908இல் வந்தது. தமிழ் யூனியன் என்ற பெயர் அக்காலத்தின் எச்சமே. ஆனால் அதன் மைதானமான கொழும்பு ஓவல், பின்னர் பா. சரவணமுத்துவின் பெயர் பெற்றது, பெயரின் எல்லையைக் கடந்துவிட்டது. 1948 மார்ச்சில் பிறட்மனின் அணி இங்கிலாந்து செல்லும் வழியில் அங்கு ஆடியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியனின் ம. சதாசிவம். ஆடுதளத்தை அளந்து பார்த்தபோது 22 யார் இருக்கவேண்டிய இடத்தில் 20 யாரே இருந்ததாம்! 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் ரெஸ்ற் போட்டியும், 1985 செப்ரெம்பரில் இந்தியாவுக்கெதிரான முதல் ரெஸ்ற் வெற்றியும் அதே தரையிலேயே நிகழ்ந்தன. இவ்விரண்டுக்கும் இடையில் 1983 யூலை இருக்கிறது. அக்கழகத்தின் பெயரையும் அந்நகரத்தின் அவ்வாண்டையும் ஒருங்கு வைத்து நோக்காத எந்த வரலாறும் ஓட்டங்களின் கணக்காகவே முடியும்.

இன்னொரு மௌனமும் உண்டு. இதனைச் சொல்லத் தயங்குவோர் பலர். கொழும்புக் கழகங்கள் இனத்தாற் பிரிந்திருந்தன என்று எளிதாக எழுதும் நாம், எமது கிராமக் கழகங்கள் குறிச்சியாற் பிரிந்தவை என்பதையும், குறிச்சி என்பது பெரும்பாலும் சாதியின் மறுபெயர் என்பதையும் எழுதுவதில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியதாயிற்று. அக்காலத்து மாலைவேளைகளில் யார் யாரோடு விளையாடினர், ஒரே பானையில் தண்ணீர் குடித்தனரா, அயற்குறிச்சி இளைஞன் திறமையுடையவனாயினும் எந்த அணிக்கு ஆடினான் என்பன விளையாட்டு வரலாற்றின் புறத்தே நிற்கும் வினாக்கள் அல்ல. சுற்றுப்போட்டி ஒன்றில் இரு கழகங்கள் மோதிக்கொண்டன என்று மலர் கூறுமிடத்து, அம்மோதல் பந்துக்காக மட்டுமே நிகழ்ந்ததா என்பதை வாசகனே ஊகிக்க வேண்டியுள்ளது.

அண்மைக் காலத்து மலர்கள் பல வண்ணத்தாளில், புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் வெளிவருகின்றன. அச்சு மேம்பட்டுள்ளது, வரலாற்றுக் கட்டுரையோ முந்திய மலரிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டு, இறுதியில் ஒரு பந்தி சேர்க்கப்படுகிறது. 1970களில் வலை கட்டியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். கூட்டறிக்கைப் புத்தகங்கள் 2000இல் வீடுகளோடு போயின. அடுத்த மலருக்கு எழுதவிருப்பவர் நூலகத்துக்குச் செல்வதிலும் பார்க்க, கம்பத்துக்குப் பனை தறித்தவர் யார், அது யாருடைய பனை, அந்தக் குழி இப்போது எவர் வளவுக்குள் இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கலாம்.