வரலாற்று நாவலும் யப்பானியப் போர்மகளும்

யப்பானின் பெண் சாமுராய்களைப் பற்றி வரலாற்றுப் புனைகதை எழுதப் புகுவோர் தமது களத்தைப் 'பண்டைய யப்பான்' எனக் குறிப்பது வழக்கம். இச்சொல்லாட்சியே முதற் சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. சாமுராய்க் குழாம், பண்டைய அரசவையின் தளர்ச்சியினூடே மாகாண நிலவுடைமையைத் தளமாகக் கொண்டு எழுந்தது. 1180 முதல் 1185 வரை தைரா, மினமோத்தோ குலங்களுக்கிடையே நிகழ்ந்த ஜென்பெய்ப் போரினூடாகவே அது ஆட்சியதிகாரத்தை எட்டியது. எனவே பெண் சாமுராய் தொன்மையின் மூடுபனியில் தோன்றும் விந்தையல்லள். நிலமானிய சமுதாயம் உருப்பெற்ற ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கு உரியவள்.

நாவலாசிரியர்கள் பெரிதும் நாடும் பாத்திரம் தோமோயே கோசென். பீவா என்னும் நரம்பிசைக் கருவியுடன் பாடுநர் வாய்மொழியாகப் பரப்பிய 'ஹெய்கே மொனொகத்தாரி'யில் அவளுக்குரிய இடம் மிகச் சிறிது. 1184இல் அவாசுவில் தோல்வியை எதிர்நோக்கும் கிசோ யொஷிநாகாவுடன் இறுதிவரை நிற்கும் ஐவருள் அவளும் ஒருத்தி. தன் கடைசிப் போரில் ஒரு பெண்ணை உடன் வைத்திருந்தான் என்ற பழிக்கு அஞ்சி அவன் அவளைப் போகச் சொல்கிறான். அவள் பகைவனொருவனின் தலையைக் கொய்து, கவசத்தைக் களைந்து, கிழக்கு நோக்கி மறைகிறாள். அவளது வாள் வேண்டப்பட்டது; வீரமரணத்தின் புகழில் அவளுக்குப் பங்கு மறுக்கப்பட்டது. இம்முரண்பாடே கதையின் கரு.

பின்வந்த ஆக்கங்கள் இம்முரண்பாட்டைத் தாங்கமாட்டாது அதனைத் தீர்த்துவைக்க முயன்றன. 'ஜென்பெய் ஜோசுய்கி' அவளை வாடா யொஷிமோரியின் மனைவியாக்கி, தாயாக்கி, ஈற்றில் துறவியுமாக்கியது. 'தோமோயே' என்னும் நோ நாடகம், தலைவனுடன் மடிய இயலாத ஏக்கத்தால் அலையும் ஆவியாக அவளைக் காட்டியது. ஒன்று அவளைக் குடும்பத்துக்குள் அடக்குகிறது. மற்றது விலக்கப்பட்டவளின் துயரை விசுவாசத்தின் துயராக மாற்றுகிறது. இரண்டும் ஆளும் வர்க்கக் கருத்துநிலையின் செயற்பாடுகளே.

காமகுரா ஆட்சியின் வரலாற்றேடான 'அசுமா ககாமி' தோமோயேயைக் குறிப்பிடவில்லை. எனினும் 1201ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் வில்லேந்திப் போரிட்ட ஹான்காகுவைப் பற்றி அது கூறுகின்றது. காயமுற்றுச் சிறைப்பட்ட அவளை ஷோகுன் முன்னிலையில் நிறுத்துகின்றனர். அசாரி யொஷித்தோ என்னும் வீரன், வலிய புதல்வர்களைப் பெறும் நோக்குடன் அவளை மனைவியாகக் கேட்டுப் பெறுகிறான். பெண்ணின் போராற்றலும் வீரகுலத்தின் மறுவுற்பத்திக்கான சாதனமாகக் கணிக்கப்பட்டமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய பெண்கள் வாழ்ந்த சமுதாயத்தின் பொருளியல் அடிப்படை யாது? காமகுராக் காலத்தின் முற்பகுதியில் வீரகுலப் பெண்கள் நிலத்தைப் பங்காகப் பெற்றனர். சிலர் ஜித்தோ என்னும் நில அதிகாரிப் பதவியையும் வகித்தனர். 1232ஆம் ஆண்டுச் சட்டக்கோவையும் பெண்களின் சொத்துரிமையை ஏற்றது. காலப்போக்கில் நிலம் துண்டாடப்படுவதைத் தடுக்க ஒருவனே உரிமையாளனாகும் முறை வலுப்பெற்றது. பெண்ணின் பங்கு ஆயுட்கால அனுபவமாகச் சுருங்கிற்று. நிலவுரிமையின் இவ்வெழுச்சியையும் வீழ்ச்சியையும் கருதாது அவளது வீரத்தை மட்டும் பாடுவது, வேரை விடுத்து மலரை வருணிப்பதாகும்.

வரலாற்று நாவலின் பாத்திரங்கள் தம் காலத்தின் தனித்தன்மையிலிருந்து பிறத்தல் வேண்டும் என்பதை லூக்காச் வலியுறுத்தினார். இவ்வளவுகோலால் நோக்கின் இருவகைத் தவறுகள் புலப்படும். முதலாவது, பிற்காலத்தை முற்காலத்தில் ஏற்றுவது. எடோ காலத்தில் சாமுராய்க் குடும்பப் பெண்களுக்குரியதெனக் கருதப்பட்ட நகினாத்தாவைத் தோமோயேயின் கையில் திணிப்பர். 'ஹெய்கே'யிலோ வில்லும் வாளுமே அவளது படைக்கலங்கள். 1900இல் நிதோபே இனாசோ நூலாக்கிய 'புஷிதோ' இலட்சியத்தையும் அவள் வாயில் வைப்பர். இரண்டாவது, இன்றைய பெண்விடுதலைச் சிந்தனையாளருக்குக் கவசமணிவிப்பது. பெண்ணின் ஆற்றல் மறுக்கப்பட்டமையைச் சுட்டும் இம்முயற்சியின் நியாயம் மறுத்தற்கரியது. ஆயினும் தோமோயேயின் குதிரைக்கும் கவசத்துக்கும் விலையாக அமைந்தது உழவரின் உழைப்பு. அவ்வுழவருள் பெண்களும் இருந்தனர். அவர்களை மறந்த பெண்விடுதலை, மேற்குலப் பெண்ணின் சலுகையோடு நின்றுவிடும்.

இதனால் அவளை ஒரு பொருளியல் சூத்திரமாகச் சுருக்கிவிடல் வேண்டும் என்பதன்று. தன் வர்க்கத்துக்காகப் போரிட்டு அவ்வர்க்கத்தாலேயே விலக்கப்பட்டவள் அவள். 'போ' என்ற ஆணைக்கும் கவசம் நிலத்தில் வீழ்வதற்கும் இடைப்பட்ட கணத்தில் அவளது உள்ளத்தில் நிகழ்ந்ததை எந்த ஏடும் பதியவில்லை. அங்குதான் வரலாற்றாசிரியனின் பணி முடிந்து நாவலாசிரியனின் பொறுப்புத் தொடங்குகின்றது.