மழையைக் கூண்டில் ஏற்றுதல்

2023 ஜூலை 23, மான்செஸ்டர், ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். ஆஷஸ் தொடரின் நான்காவது டெஸ்ட், ஐந்தாம் நாள். ஒரு பந்துகூட வீசப்படவில்லை. முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 317, இங்கிலாந்து 592. இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 214. இன்னும் 61 ரன் பின்தங்கியிருந்தது. நான்காம் நாளே 30 ஓவர்கள்தான் நடந்தன. ஐந்தாம் நாள் அதுவும் இல்லை. ஆட்டம் டிரா. தொடரில் 2-1 என முன்னணியில் இருந்த ஆஸ்திரேலியா, ஆஷஸ் ஏற்கெனவே தன் கையில் இருந்ததால் அதைத் தக்கவைத்துக்கொண்டது. ஓவலில் நடந்த கடைசி டெஸ்டை இங்கிலாந்து 49 ரன்னில் ஜெயித்துத் தொடரை 2-2 ஆக்கியபோதும் இதில் மாற்றம் ஏதுமில்லை.

இதையொட்டி ரசிகர்களிடையே மூண்ட விவாதத்தை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஆட்டம் நின்றுபோன நாளில்தான் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு தன்னைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கிலாந்து ரசிகரின் வாதம் எளிமையானது. 'மழை மட்டும் வரலேன்னா 3-2. அப்ப உண்மையில ஜெயிச்சது யாரு?' இதற்கு அவர் சூட்டும் பெயர் 'தார்மீக வெற்றி'. ஆஸ்திரேலிய ரசிகர் விடுவாரா? 'எட்ஜ்பாஸ்டன்ல மொத நாளே 8 விக்கெட்டுக்கு 393ன்னு டிக்ளேர் பண்ணச் சொல்லி மழையா வந்து சொல்லுச்சு? ரூட் 118ல அவுட் ஆகாம நின்னுக்கிட்டிருந்தாரு. கடைசியில 2 விக்கெட்ல தோத்தீங்க. மான்செஸ்டர்ல மழை வரும்னு தெரிஞ்சே மூணாம் நாளும் 592 வரைக்கும் ஆடினீங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?'

ஒருவர் தார்மீகம் என்கிறார், மற்றவர் விதி என்கிறார். இந்தப் பாத்திரப் பங்கீடு மான்செஸ்டரில் தொடங்கியதல்ல. மூன்று வாரம் முன்பு, ஜூலை 2 அன்று லார்ட்ஸில், பந்து முடிந்துவிட்டதென்று நினைத்துக் கோட்டைத் தாண்டி நடந்த பேர்ஸ்டோவை அலெக்ஸ் கேரி ஸ்டம்பை நோக்கிப் பந்தெறிந்து அவுட்டாக்கினார். விதிப்படி அவுட்தான். ஆனால் 'ஆட்டத்தின் ஆன்மா' செத்துவிட்டதாக இங்கிலாந்தில் ஒப்பாரி எழுந்தது. லார்ட்ஸின் லாங் ரூமில் எம்.சி.சி. உறுப்பினர்கள் சிலர் ஆஸ்திரேலிய வீரர்களை வசை பாடினார்கள். மூன்று உறுப்பினர்களை எம்.சி.சி. இடைநீக்கம் செய்தது. கிரிக்கெட்டின் விதிகளை 1788இலிருந்து தன் கையில் வைத்திருப்பதும் இந்த எம்.சி.சி.தான் என்பதை மறந்துவிடலாகாது. விதிப் புத்தகத்தை எழுதுகிறவனுக்கு, அந்த விதி தன்மேல் பாயும்போது, அதற்கும் மேலான ஒரு 'ஆன்மா'வைப் பற்றிப் பேசுகிற சலுகையும் இருக்கிறது. மற்றவனுக்கு விதி மட்டுமே. எனவே 'தார்மீக வெற்றி' என்பதைத் தோற்றவனின் புலம்பலாக மட்டும் வாசிப்பது போதாது. அதில் சட்டம் இயற்றியவனின் தோரணையும் இருக்கிறது.

ஆனால் ஆஸ்திரேலிய ரசிகர் பிடித்துக்கொண்டு நிற்கும் விதி மட்டும் நடுநிலையானதா? தொடர் சமமானால் ஆஷஸ் ஏற்கெனவே வைத்திருப்பவனுக்கே என்பது அந்த விதி. நம் ஊர் நிலத் தகராறுகளில் 'அனுபவ பாத்தியதை' என்று ஒரு சொல் அடிபடும். ஏறக்குறைய அதுதான். அசைத்துக்காட்ட வேண்டிய பொறுப்பு முழுக்க எதிராளியின் தலையில். வைத்திருப்பவன் சும்மா இருந்தால் போதும். ஆட்டம் நடக்காத ஒவ்வொரு மணி நேரமும் அவன் கணக்கில் வரவு.

சரி, ஆட்டம் ஏன் நடக்கவில்லை? மழை. அம்புட்டுத்தானா?

இரு தரப்பு ரசிகர்களும் ஒன்றுபடும் இடம் இதுதான். மழையை ஒருவர் குற்றவாளி என்கிறார், மற்றவர் அதிர்ஷ்டம் என்கிறார். இரண்டிலும் அது மனிதர் கைக்கு அப்பாற்பட்ட இயற்கை. மான்செஸ்டரில் மழை பெய்வது யாருக்கும் புதிய செய்தியல்ல. 1890இலும் 1938இலும் இதே இங்கிலாந்து - ஆஸ்திரேலியா டெஸ்ட், இதே ஊரில், ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. இவ்வளவு பழகிய மழைக்கு மாற்று நாள் வைக்க முடியாதா? முடியும். 2021இல் சவுத்தாம்ப்டனில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் முதல் நாளும் நான்காம் நாளும் மழையில் போயின. ஒதுக்கி வைத்திருந்த ஆறாம் நாளில் ஆடி நியூசிலாந்து 8 விக்கெட்டில் ஜெயித்தது. அதே இங்கிலாந்து, அதே மழை. ஆஷஸுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஐந்து டெஸ்டுகளும் ஜூன் 16இலிருந்து ஜூலை 31க்குள், 46 நாட்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. மறுநாள், ஆகஸ்ட் 1 அன்று, இங்கிலாந்து வாரியத்தின் 'தி ஹண்ட்ரட்' போட்டி தொடங்கியது. ஆளுக்கு நூறு பந்து, ஒரு மாலைக்குள் முடிகிற சரக்கு. ஆகஸ்ட் மாதம் அதற்கென்று எழுதி வைக்கப்பட்டாயிற்று.

இன்னொன்றும் உண்டு. நாளொன்றுக்கு 90 ஓவர் என்பது கணக்கு. மெதுவாகப் பந்து வீசியதற்காக இதே மான்செஸ்டர் டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு சாம்பியன்ஷிப் புள்ளிகள் 10 வெட்டப்பட்டன. தொடர் முழுவதற்குமாக இங்கிலாந்துக்கு வெட்டப்பட்டவை 19. மழை வருவதற்கு முன்பே நேரத்தைத் தின்றவர்கள் மைதானத்துக்குள்தான் இருந்தார்கள். 'மழை மட்டும் வரலேன்னா' என்று வாக்கியத்தைத் தொடங்குகிற ரசிகர், 'ஓவரை ஒழுங்காப் போட்டிருந்தா' என்றோ, 'ஒரு நாள் தள்ளி வச்சிருந்தா' என்றோ தொடங்குவதில்லை. கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துத் திட்டுவது வாரியங்களுக்கு எவ்வளவு வசதி! காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, குடைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த இரு நாட்டு ரசிகனும் இழந்தது ஒன்றையே. ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர்தான் மல்லுக்கு நிற்கிறார்கள்.

இதை எழுதுகிற என்னையும் கூண்டில் நிறுத்திவிட வேண்டும். அந்த ஐந்தாம் நாள் மழை பெய்யப் பெய்ய எனக்கு உள்ளூர ஒரே குஷி. வெள்ளைக்காரன் தோக்கட்டும் என்பதுதான். 'மழையே நீதி செஞ்சிருச்சு' என்று நண்பர் ஒருவரிடம் சொல்லவும் செய்தேன். 'அந்தப் பக்கம் நிக்கிறது யாராம்?' என்றார் அவர். பதில் இல்லை. இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போன முதல் ஆஸ்திரேலிய அணி பூர்வகுடியினருடையது. 1868இல் 47 ஆட்டங்கள் ஆடி 14இல் வென்று 14இல் தோற்றார்கள், 19 டிரா. ஆஷஸின் கதையாடலோ 1882இல், ஓவலில் இங்கிலாந்து தோற்றதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய அந்தப் பதினான்கு வெற்றிகள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. இது ஒரே சாம்ராஜ்யத்தின் பங்காளிச் சண்டை. வேலிக்கு வெளியே நின்று ஒரு பங்காளிக்குக் கைதட்டிவிட்டு அதைக் காலனிய எதிர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பங்காளிச் சண்டையில் சொத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யார் ஜெயித்தாலும், யார் 'தக்கவைத்துக்கொண்டாலும்', சாம்பல் இருப்பதாகச் சொல்லப்படும் அந்தச் சின்னஞ்சிறு மண்கலயம் லார்ட்ஸில், எம்.சி.சி.யின் அருங்காட்சியகத்தில்தான் இருக்கும். வென்றவனுக்குத் தருவது வேறொரு கோப்பை. இதை எந்த மழையும் தீர்மானிக்கவில்லை. அடுத்த முறை மழை வரும்போது, ஸ்கோர் கேட்பதற்கு முன்னால் அட்டவணை போட்டது யார் என்று கேட்டுப் பார்க்கலாம்.