ஓர் இளநடிகையின் விலகல் மடல்

2019 ஜூன் 30ஆம் நாள், காஷ்மீரத்துத் திரைநடிகை ஸாயிரா வஸீம் நீண்டதொரு மடலை முகநூலில் வெளியிட்டுத் திரைத்துறையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 18. அம்மடலைப் பற்றிப் பேசியோர் பலர். ஊன்றிப் படித்தோர் சிலரே என்பது நமது எண்ணம். மார்க்கம் வென்றதென மகிழ்ந்தனர் ஒரு சாரார். யாரோ மிரட்டி எழுதவைத்தனர் என ஐயுற்றனர் மறு சாரார். இருவருமே அதனைத் தத்தம் வழக்கிற்குச் சான்றாக்கினரேயன்றி, ஓர் இளம்பெண் தன் உள்ளத்தைத் தானே விசாரணை செய்த எழுத்தாகக் கொண்டிலர். அவ்வாறு கொண்டு நோக்குவதே நம் கருத்து.

'தங்கல்' (2016) படத்தில் மல்யுத்த வீராங்கனை கீதா போகாட்டின் இளம்பருவத்தை நடித்து அவர் தேசிய விருது பெற்றார். 'சீக்ரெட் சூப்பர்ஸ்டார்' (2017) படத்திலோ, தந்தைக்கு அஞ்சிப் புர்காவால் முகம் மறைத்துப் பாடி, அப்பாடல்களை இணையத்தில் வெளியிடும் வதோதரா நகரத்துச் சிறுமி இன்சியாவாகத் தோன்றினார். தன் வழியைத் தானே தேர்ந்த இன்சியாவுக்குக் கைதட்டியோருட் சிலர், அவளாக நடித்தவர் தம் வழியைத் தாமே தேர்ந்தபோது, 'இது இவர் முடிவுதானா?' என வினவினர்.

நம்மவர் நிலையும் மேலானதன்று. 2017 ஜனவரியில், அன்றைய ஜம்மு காஷ்மீர் முதலமைச்சர் மெஹ்பூபா முஃப்தியைச் சந்தித்தமைக்காக, 16 வயதேயான அவரை இணையத்தில் ஏசினர் பலர். அவர் மன்னிப்புக் கோரி எழுத நேர்ந்தது. தம்மை எவரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாமென அன்றே எழுதினார். பின்வந்த மடலின் வித்து அதில் இருந்ததை நாம் கண்டோமில்லை.

மடலின் உயிர் அதன் முற்பகுதியில் உள்ளது. இத்துறைக்குத் தாம் நன்கு பொருந்தினும், தமக்குரிய இடம் இதுவன்று என்கிறார். தம் வாழ்வில் 'பரக்கத்' அகன்றதென்று கூறி, அச்சொல்லுக்கு மகிழ்ச்சி, பெருக்கம் என்பவற்றோடு நிலைபேறு என்னும் பொருளும் உண்டு என விளக்குகிறார். இது வெறும் சொல்லலங்காரமன்று. ஒட்டகம் மார்பை நிலத்தில் ஊன்றி அமர்வதை அரபியர் 'பரக' என்பர். நீர் தங்கி நிற்கும் குளத்தை 'பிர்கா' என்பர். திருமறைச் சொற்களை ஆய்ந்த இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ அவர்களும் இவ்வழியே பொருள் காண்கிறார். தான் யார் என்பது உள்ளத்தில் ஊன்றுமுன்னரே பிறராக நடித்துப் புகழ்பெறும் குழந்தைக்கு, அமர்வதற்கு நிலம் எங்கே? வளரும் பருவத்தைத் திரையில் கழித்த ஒருவரின் துயரை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

பிற்பகுதி அத்தகையதன்று. அங்கு அவர் பிறருக்கு அறிவுரை கூறத் தொடங்குகிறார். அவை நல்லுரைகளே, எனினும் எந்த மேடையிலும் கேட்கத்தக்கவை. கீதாவாகத் தலைமயிரைக் குறைத்து மல்யுத்தம் பயின்ற நாள்கள் தமக்கு எதைத் தந்தன, எதைப் பறித்தன என அவர் சொல்லியிருப்பின், எழுத்து இன்னும் கனம் பெற்றிருக்கும்.

இத்தகைய தன்விசாரணையை 'முஹாசபா' என்பர் நம் முன்னோர். ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியப் பதவியைத் துறந்தார்கள். கற்பித்தலில் தம் நிய்யத் புகழை நாடியது எனக் கண்டதே காரணம். கல்வியைப் பழிக்கவில்லை, தம் உள்ளத்தையே பழித்தார்கள். ஹிஜ்ரி 499இல் நைசாபூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். மதரஸாவையும் திரையையும் நாம் சமன் செய்வதாகக் கருதற்க. தன் நெஞ்சைக் கணக்கெடுப்பவரின் கூற்று அவருடைய கணக்கே என்பதே நாம் சொல்ல வருவது. அதனைப் பிறர் வீட்டுப் பெண்மக்களை அடிக்கும் பிரம்பாக்குவது அமானித மோசடியாகும்.

2020 நவம்பரில், தம் நிழற்படங்களை நீக்கிவிடுமாறு அவர் ரசிகர் பக்கங்களை வேண்டினார். அதற்குப் பின்னரும் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு அவரது விலகலைப் புகழ்வோர் உளர். அவர் கேட்டது புகழை அன்று. எனவே, இக்கட்டுரையோடு அவர் படம் எதுவும் வேண்டாமென ஆசிரியரைக் கேட்டுக்கொண்டுள்ளோம்.